கணினியில் தமிழ்: தட்டச்சு, எழுத்துரு, பழைய கோப்புகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலோ அலுவலகத்திலோ விண்டோஸ் கணினியில் தமிழில் கடிதம், பட்டியல், பாடக்குறிப்பு, அழைப்பிதழ் ஆகியவற்றைத் தயாரிப்பவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவற்றில் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் ஒன்றுதான். திரையில் தெரியும் எழுத்து ஒன்றாகவும், கோப்புக்குள் பதிந்திருக்கும் குறியீடு வேறொன்றாகவும் இருந்துவிடுகிறது. தேடல், வரிசைப்படுத்தல், நகலெடுத்தல் எல்லாமே உள்ளே பதிந்த குறியீட்டைத்தான் பார்க்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு விடைகளைப் படித்தால், இங்கே சொல்லப்படாத சிக்கல்களுக்கும் வழி புலப்படும்.

தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் ஒன்றை நிறுவித்தான் ஆகவேண்டுமா?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் பகுதிக்குள் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ என்பதைத் திறந்து, ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’ பக்கத்தில் தமிழைச் சேர்த்த பிறகு, தமிழின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி ‘லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ பக்கத்துக்குச் சென்றால், அங்கே விசைப்பலகை சேர்க்கும் பொத்தான் இருக்கும். தமிழ் 99, அஞ்சல், இன்ஸ்கிரிப்ட் ஆகிய அமைப்புகளை அந்தப் பட்டியலில் காணலாம். ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ்ச் சொல்லாக மாற்றித்தரும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் 2019 மே மாதப் புதுப்பிப்பு முதல் விண்டோஸ் 10-லேயே இடம்பெற்றுள்ளது. மேக் கணினியில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் தொடக்கத்திலேயே உடன் வருகின்றன.

விண்டோஸில் உள்ள அமைப்பு கைக்குப் படியவில்லை என்பவர்கள் என்எச்எம் ரைட்டர், அழகி, இகலப்பை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் கூகுள் நிறுவனம் முன்பு கொடுத்துவந்த, இணையமின்றி இயங்கும் விண்டோஸ் உள்ளீட்டுக் கருவியை அந்நிறுவனமே நிறுத்திவிட்டது. அதன் நிறுவுகோப்பு எங்கோ ஒரு தளத்தில் கிடைக்கிறது என்பதற்காக அதை இறக்கி நிறுவ வேண்டாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் பார்க்கக்கூடிய மென்பொருள் அது என்பதால், இந்த ஒன்றில் மட்டுமாவது மூலத்தளத்தைத் தவிர வேறிடத்தை நம்பாமல் இருப்பது நல்லது.

எந்த விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது?

எப்போதாவது நாலு வரி எழுதுபவருக்கு ஒலிபெயர்ப்பு முறை போதும். நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதுபவர் தமிழ் 99 கற்றுக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பரிந்துரையாக வெளிவந்து, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், அடிக்கடி வரும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருப்பதால் இரு கைகளும் மாறிமாறி இயங்குகின்றன. மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் என்னும் நம் எழுத்தமைப்பும் அந்தக் கை ஓட்டமும் ஒன்றிப்போவதால், பழகியபின் விரல்கள் தாமாகவே செல்லும்.

இதன் உண்மையான பலம் புள்ளி வைக்கும் விதியில் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. ஆகவே ‘பந்து’ என்று எழுத ப, ந, த, உ என நான்கே தட்டல்கள் போதும். ‘அம்மா’ என்பதற்கும் அ, ம, ம, ஆ என நான்குதான். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அகர விசையை ஒருமுறை தட்ட வேண்டும். ‘பப்பாளி’ என்று எழுத ப, அ, ப, ப, ஆ, ள, இ என்று தட்டுவது இதற்கு நல்ல பயிற்சி. இந்த விதிகள் செயல்படும் விதத்தில் மென்பொருளுக்கு மென்பொருள் சிறு வேறுபாடு இருக்கக்கூடும். ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றைப் பயன்படுத்திப் பாருங்கள்.

ஒலிபெயர்ப்பில் ல, ள, ழ, ந, ன, ண ஆகியவற்றுக்கு நடுவே மென்பொருள் ஊகித்துக் கொடுப்பதைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தமிழ் 99-இல் எந்த எழுத்து வேண்டும் என்பதை எழுதுபவரே முடிவுசெய்வதால் எழுத்துப்பிழையும் குறைகிறது. மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

தட்டச்சுப் பள்ளியில் பயின்ற பழைய அமைப்பில்தான் எனக்கு வேகம் வரும். அதை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். விசைகளின் அமைப்பு வேறு, பதிவாகும் குறியீடு வேறு. பழைய தட்டச்சு அமைப்பிலோ, பாமினி என்னும் பழைய எழுத்துருவுக்குரிய அமைப்பிலோ தட்டினாலும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடாகப் பதிவுசெய்யும் வசதி என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் உண்டு. கைப்பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பதிவை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் விரைவாக மாறுவது எப்படி?

விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டுங்கள். இடப்பக்க ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் மொழி மாறும். ஆனால் வேறு வேலைக்காக அந்த விசைகளைத் தொடும்போது அறியாமல் மொழி மாறிவிடுகிறது என்று பலர் வருந்துகிறார்கள். அவர்கள் விசைப்பலகைக்குரிய மேம்பட்ட அமைப்புகளில் அந்தக் குறுக்குவழியை நீக்கிவிடலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. தமிழ் அழிந்துவிட்டதா?

அழியவில்லை. யூனிகோடு பரவலாவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துக்கொடுத்தது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பின் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலமாகத் தோன்றும். தமிழ்நாடு அரசு 1999-இல் டேம், டேப் என்னும் இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. இணையத் தமிழர்கள் டிஸ்கி என்னும் குறியீட்டைப் புழங்கினார்கள். இவை தவிர அச்சகங்கள் தத்தம் விருப்பப்படி வேறு பல எழுத்துருக்களை வைத்திருந்தன. ஆகையால் ‘பழைய எழுத்துரு’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எது என்று தெரிந்தால்தான் மீட்க முடியும்.

கோப்பு எந்த வகை என்பதை அறிய எளிய சோதனை உண்டு. வேர்டில் கோப்பைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை ஏரியல் என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாகவோ விநோதக் குறிகளாகவோ மாறினால் அது பழைய குறியீடு. உடனே கண்ட்ரோல், இசட் விசைகளை அழுத்தி மாற்றத்தைத் திரும்பப் பெற்று, எழுத்துருப் பெட்டியில் முதலில் இருந்த பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய குறியீட்டை யூனிகோடாக்கும் மென்பொருளான மாற்றிக்குத் தேவைப்படும் தகவல் அந்தப் பெயர்தான்.

அந்தக் கோப்பை யூனிகோடாக மாற்றும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மூலக்கோப்பின் படி ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, படியில் மட்டும் வேலை செய்யுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் மூலக் குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பல பக்கங்கள் ஒரு நொடியில் மாறிவிடும். ஆனால் மாற்றியால் தமிழையும் உண்மையான ஆங்கிலத்தையும் பிரித்தறிய முடியாது. இடையே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர், மின்னஞ்சல் முகவரி, மருந்தின் பெயர் எல்லாவற்றையும் தமிழ் என்றெண்ணி அது உளறலாக்கிவிடும்.

இதைத் தவிர்க்க வேர்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ‘அட்வான்ஸ்டு ஃபைண்ட்’ பெட்டியைத் திறந்து, தேடும் சொல்லை வெறுமையாக விட்டு, ‘ஃபார்மட்’ என்பதன் கீழ் எழுத்துருவாக அந்தப் பழைய எழுத்துருவை மட்டும் குறிப்பிட்டு, ‘ஃபைண்ட் இன்’ என்பதில் ‘மெயின் டாக்குமெண்ட்’ என்று கொடுத்தால், அந்த எழுத்துருவில் உள்ள பகுதிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் தேர்வாகும். எங்கே தமிழ், எங்கே ஆங்கிலம் என்பது அப்போது கண்முன் தெளிவாகத் தெரிவதால் பகுதி பகுதியாக மாற்றலாம்.

மாற்றியபின் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஸ்ரீ, மேற்கோள் குறிகள், எண்கள் ஆகியவற்றை மூலத்தின் அச்சுப்படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்ச்சங்கத்தின் ஆண்டறிக்கை, கோயில் திருப்பணிக் கணக்கு, பள்ளி மலர், குடும்ப வரலாறு என எத்தனையோ ஆவணங்கள் இப்போதும் பழைய வன்தட்டுகளில் கிடக்கின்றன. எழுத்துருவின் பெயர் நினைவிலிருக்கும் ஒருவர் உங்களிடையே இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

லதா எழுத்துருவைக் காணவில்லை. வேறு நல்ல எழுத்துருக்கள் உண்டா?

விண்டோஸ் 2000 காலம் முதல் உடன் வந்த லதாவும், விண்டோஸ் 7-இல் வந்த விஜயாவும் விண்டோஸ் 10 முதல் விருப்ப வசதியாகத் தனியே வைக்கப்பட்டுள்ளன. செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குச் சென்று ‘தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால் இரண்டும் திரும்ப வந்துவிடும். நீண்ட கட்டுரைகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், திரையில் படிப்பதற்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர், தலைப்புகளுக்குக் கட்டமரன் அல்லது பலூ தம்பி ஆகியவற்றை நான் பரிந்துரைப்பேன். எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவை. கோப்பைப் பிறருக்கு அனுப்பும்போது வேர்டின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘சேவ்’ என்பதன் கீழ், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் தேர்வைக் குறியிட்டுவிட்டால், அவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தோற்றம் மாறாது.

வேர்டில் இயல்பு எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் பழையபடியே வருகிறது. ஏன்?

வேர்டு தமிழைக் ‘காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்னும் தனிப் பிரிவில் வைத்துள்ளது. அதற்கு எழுத்துருவும் அளவும் தனியே உண்டு. கண்ட்ரோல், டி விசைகளை அழுத்தினால் திறக்கும் பெட்டியில் அந்தப் பிரிவுக்குரிய எழுத்துருவையும் அளவையும் தேர்ந்தெடுத்து ‘செட் ஆஸ் டீஃபால்ட்’ கொடுங்கள். வேர்டு, எக்செல் போன்றவற்றுக்கு மாற்றான இலவசத் தொகுப்பு லிப்ரேஆபிஸிலும் இதே நிலைதான். மொழி அமைப்புகளில் ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதற்குத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் பிற அமைப்புகளும் திறக்கும்.

சொற்களின் கீழே சிவப்புக்கோடு வந்துகொண்டே இருந்தால், முழு உரையையும் தேர்ந்தெடுத்து ‘ரிவ்யூ’ பகுதியில் திருத்த மொழியைத் தமிழ் என்று குறிப்பிடுங்கள்.

எக்செலில் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல் கோப்பை) திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ குறிகள் வருகின்றன.

தலையில் சிறு கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மீண்டும் மீண்டும் தோன்றினால் கோப்பு கெடவில்லை என்று நிம்மதி கொள்ளலாம். யூனிகோடைக் கோப்பில் பதியும் யுடிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. அவற்றை மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக எக்செல் தவறாகப் படித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, புதிய தாளில் ‘டேட்டா’ பகுதிக்குச் சென்று ‘ஃப்ரம் டெக்ஸ்ட், சிஎஸ்வி’ வழியாக அதே கோப்பைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபைல் ஆரிஜின்’ என்பதில் 65001 என்னும் எண்ணுடைய யுடிஎஃப்-8 தேர்வைக் கொடுத்தால் தமிழ் தெளிவாக வரும். நீங்கள் பிறருக்குக் கொடுக்கும்போது சாதாரண சிஎஸ்வியாகச் சேமிக்காமல் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக இருந்தால் நிலைமை வேறு. யூனிகோடு அல்லாத வகையில் யாரோ சேமித்தபோது எழுத்துகள் உண்மையாகவே போய்விட்டன. அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்க இயலாது. முந்தைய படி எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். நோட்பேட் 2019-ஆம் ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பின் யுடிஎஃப்-8 முறையையே இயல்பாகக் கொண்டுள்ளது. அதற்கு முந்தைய பதிப்புகளில் சேமிக்கும்போது வகையைக் கவனித்து மாற்ற வேண்டும்.

கண்ணுக்கு எதிரே இருக்கும் சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. இதற்கு என்ன காரணம்?

ஒரே தோற்றம், வெவ்வேறு குறியீடு. இதில் பெரிய தொல்லை ‘ஸ்ரீ’ என்பதுதான். ஸகர மெய்யை வைத்து ‘ஸ்ரீ’ என்று எழுதலாம். யூனிகோடில் 2005-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தை வைத்து ‘ஶ்ரீ’ என்றும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், கணினிக்கோ இவை வெவ்வேறு சொற்கள். ஸ்ரீதர், ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நிறைந்திருக்கும் வாக்காளர் பட்டியலிலோ மாணவர் பட்டியலிலோ இதனால் பாதிப் பெயர்கள் தேடலுக்கு அகப்படாமல் போகும். ஏதேனும் ஒரு வடிவத்தை முடிவுசெய்து, மற்றதை ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ மூலம் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஔகாரம். ‘ஔவை’ என்பதை ஔ என்னும் ஒரே எழுத்தால் எழுதாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ என்று எழுதுவோர் பலர். ‘கௌ’ என்பதை ‘கெள’ என்று எழுதுவதும் இதே பிழைதான். தமிழ் எண்களும் ஏமாற்றும்: ௧ என்னும் ஒன்றும் க என்னும் எழுத்தும், ௭ என்னும் ஏழும் எ என்னும் எழுத்தும் ஒன்றுபோலவே தோன்றும். பட உரையை எழுத்தாக மாற்றிய கோப்புகளில் இவற்றையும், காலுக்குப் பதிலாக ரகரம் விழுந்த இடங்களையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

எழுத்தின் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் தோன்றினால் அங்கே துணையின்றி ஓர் உயிர்க்குறி நிற்கிறது என்று பொருள். அதை அழித்துவிட்டுச் சரியாக எழுதுங்கள்.

பெயர்ப்பட்டியல் அகரவரிசையில் வருவதில்லையே?

யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. ஜ-வும் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே நிற்கிறது. மொழியறியாத மென்பொருள் அந்த அட்டவணை வரிசையையே பின்பற்றும். லிப்ரேஆபிஸின் அட்டவணை மென்பொருளான கால்க்கில் ‘டேட்டா’ பகுதியின் ‘சார்ட்’ பெட்டியில், ‘ஆப்ஷன்ஸ்’ தாவலுக்குச் சென்று மொழியைத் தமிழ் என்று கொடுத்தால், நெடுங்கணக்கு வரிசையில் கிடைக்கும். அகராதி, பொருளடைவு போன்றவற்றைத் தயாரிப்போர் வேறு எதில் எழுதினாலும் வரிசைப்படுத்த மட்டுமாவது இங்கே கொண்டுவருவது நல்லது.

பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துகள் இடம்மாறுகின்றன.

பிடிஎஃப் எழுத்துகளின் வடிவங்களைத் தாளில் இடம் குறித்து வைக்கிறது. அந்த வடிவங்களுக்கு உரிய யூனிகோடு எது என்ற அட்டவணை கோப்புக்குள் குறைபாடாக இருந்தால், கொம்பு முன்னே வருவதும் எழுத்து விடுபடுவதும் நேரும். பழைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப் என்றால் நகலெடுத்ததை மாற்றியில் இட்டுப் பார்க்கலாம். மற்றபடி, கூகுள் டிரைவில் கோப்பை ஏற்றி, அதன்மேல் வலச்சொடுக்கு செய்து ‘ஓப்பன் வித்’ வழியாகக் கூகுள் டாக்ஸில் திறந்தால், அது பக்கத்தைப் படமாகப் படித்து எழுத்தாக்கித் தரும். வருடிய பழைய நூல்பக்கங்களுக்கும் இதே வழிதான். சொத்து ஆவணம், மருத்துவ அறிக்கை போன்ற அந்தரங்கக் கோப்புகளை இப்படி ஏற்ற வேண்டாம். அவற்றுக்குக் கணினியிலேயே இயங்கும் டெசராக்ட் என்னும் இலவச மென்பொருள் தமிழ்த் தரவோடு கிடைக்கிறது.

ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. சுருக்கவழி உண்டா?

இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸ், வி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நீங்கள் அண்மையில் நகலெடுத்த 25 வரையிலான துணுக்குகள் பட்டியலாக விரியும். முதல்முறை மட்டும் அந்த வசதியை இயக்கச் சொல்லிக் கேட்கும். முகவரி, துறைப்பெயர், கடிதத்தின் முடிவுரை போன்றவற்றை அங்கே ஊசியிட்டு (‘பின்’ செய்து) வைத்தால் கணினியை அணைத்து இயக்கினாலும் அவை நீங்கா. கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் பட்டியலில் தங்கக்கூடும் என்பதால், பலர் பயன்படுத்தும் கணினியில் வேலை முடிந்ததும் பட்டியலைத் துடைத்துவிடுங்கள்; ஊசியிட்டவை மட்டும் எஞ்சும்.

இரண்டாவது, வேர்டின் ‘ஆட்டோகரெக்ட்’. எந்தச் சொல்லிலும் வராத ஒரு சுருக்கத்தைத் தேர்ந்து அதற்குரிய விரிவைக் கொடுத்துவிட வேண்டும். ‘மாஆ’ என்று எழுதி இடைவெளி விட்டால் ‘மாவட்ட ஆட்சியர் அவர்கள்’ என்று விரியும்படி செய்துகொண்ட அலுவலர், மனு எழுதும் நேரத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை ஒரே நாளில் உணர்வார்.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி தமிழில் பயன்படும் நிலையில் இருக்கிறதா?

இருக்கிறது. குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘வாய்ஸ் டைப்பிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நாடு வாரியாகத் தமிழ் பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் பேச்சுக்கு உரியதைக் கொடுங்கள். எழுத்து நடையில் நிதானமாகச் சொன்னால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பேச்சு வழக்கில் சொன்னால் திருத்த வேலை மிகும். சந்தி எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும் பிறகு நீங்களே இட வேண்டியிருக்கும்.

ஓர் எழுத்தை அழிக்க நினைத்தால் பாதி அழிகிறது, சிலநேரம் முழுவதும் போய்விடுகிறது. ஏன் இப்படி?

‘கூ’ என்பது நமக்கு ஓரெழுத்து. கோப்பில் ககரமும் ஊகாரக் குறியுமாக இரண்டு பதிவுகள். எழுத்துக்குப் பின்னிருந்து பேக்ஸ்பேஸ் தட்டினால் வேர்டு போன்ற மென்பொருள்களில் குறி மட்டும் நீங்கி ‘க’ எஞ்சும். எழுத்துக்கு முன்னிருந்து டெலிட் தட்டினால் முழு எழுத்தும் நீங்கும். உயிர்க்குறியை மட்டும் திருத்த முதலாவதையும், எழுத்தையே நீக்க இரண்டாவதையும் பயன்படுத்துங்கள். இணையப் படிவங்களில் ‘இத்தனை எழுத்துகளுக்குள்’ என்னும் வரம்பு எதிர்பார்த்ததைவிட விரைவில் தீர்ந்துபோவதும் இதனால்தான். ‘கூட்டம்’ என்னும் நான்கெழுத்துச் சொல் அங்கே ஏழாகக் கணக்கிடப்படும். குறுஞ்செய்தியிலும் தமிழ் கலந்தவுடன் ஒரு செய்தியின் அளவு 160-லிருந்து 70 ஆகச் சுருங்கிவிடுவதால், சங்க உறுப்பினர் நூற்றுக்கணக்கானோருக்கு அறிவிப்பு அனுப்புபவர்கள் நாள், நேரம், இடம் மூன்றையும் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.